பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதா? இன்டென்டில் தொடங்கி பேமென்ட் வரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடினால், ஏதாவதொரு ஷூ கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் ஆள் எடுப்பதாகத் தகவல் வரும். "சாமான் வாங்கிக் கொடுக்கிற வேலைதானே" என்று வீட்டில் சொல்வார்கள். வாங்குவது அதில் சின்னப் பகுதிதான். எதை, எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்தத் தேதிக்குள், என்ன ஆதாரத்தோடு என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொண்டுவருவதுதான் வேலையே. பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில், எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் கேட்டில் வண்டி வந்து நிற்கும்போது தகராறாக முளைக்கும். இங்கே ஷூ கம்பெனியை வைத்தே சொல்கிறேன். குடியாத்தம் லுங்கி யூனிட்டுக்கும் காட்பாடி பக்கத்து லேத் பட்டறைக்கும் ஆஸ்பத்திரி ஸ்டோர்சுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

முதலில் வார்த்தைகள்

"தீபாவளி பர்ச்சேஸ் முடிஞ்சுதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், லாங் பஜார் போய்த் துணிமணி எடுத்தாச்சா என்று பொருள். ஆபீசில் அதே வார்த்தை பல வேலை செய்யும். "பர்ச்சேஸ்ல கேளு" என்றால் அந்த டிபார்ட்மென்ட். "இந்த மாசம் பர்ச்சேஸ் எவ்வளவு?" என்று அக்கவுன்ட்ஸ்காரர் கேட்டால், உற்பத்திக்காக வாங்கிய சரக்கின் மொத்த மதிப்பு. தையல் மெஷின் வாங்கியதை அதில் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். அது சொத்துக் கணக்கில் போகும். "பர்ச்சேஸ் ரிட்டர்ன்" என்றால் வாங்கியதைத் திருப்பி அனுப்பியது. "ஹையர் பர்ச்சேஸ்" என்றால் தவணையில் எடுப்பது. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் சட்டப்படி நம்முடையது ஆகாது.

வெளிநாட்டுக்காரர்களோடு பேசும்போது கடைசி அசையை நீட்டாமல் "பர்ச்சஸ்" என்று முடிக்க வேண்டும். மெயிலில் "யாரிடமிருந்து" என்பதற்கு "ஃப்ரம்" போடுங்கள். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் "வித்" என்று எழுதிவிடுகிறார்கள். சாதாரணக் கடிதத்துக்கு "பை" (வாங்கு), "பாட்" (வாங்கினேன்) என்ற சின்ன ஆங்கில வார்த்தைகளே போதும். ஒப்பந்தம், ஆர்டர், ஆடிட் பேப்பர் போன்றவற்றில்தான் "பர்ச்சஸ்" பொருந்தும். "டீ பர்ச்சஸ் பண்ணினேன்" என்று மெயிலில் எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது "பையர்". அகராதிப்படி வாங்குகிறவர், அதாவது நீங்கள். ஆனால் நம்மூர் ஷூ கம்பெனியில் "பையர் வர்றாங்க" என்றால் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஆர்டர் கொடுக்கும் பிராண்டுக்காரர் வருகிறார் என்று அர்த்தம். அந்தப் பையர் சில நேரம், "இந்த ஜிப்பை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும்" என்று சப்ளையரையும் சொல்லிவிடுவார். அதற்கு "நாமினேட்டட் சப்ளையர்" என்று பெயர். அங்கே உங்களால் விலையை அதிகம் அசைக்க முடியாது. தேதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்டென்ட் வந்ததும்

ஸ்டோர்சோ புரொடக்‌ஷனோ "இது வேண்டும்" என்று கேட்கும் உள் காகிதம்தான் இன்டென்ட். சில கம்பெனிகளில் பர்ச்சேஸ் ரெக்விசிஷன் என்பார்கள், இரண்டும் ஒன்றே. இன்டென்ட் இல்லாமல் வாய்வார்த்தையில் எதையும் வாங்காதீர்கள், கேட்பவர் முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. உடனே வேண்டுமென்றால் போனிலேயே ஒரு மெசேஜாவது போடச் சொல்லுங்கள்.

கணக்கையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி ஷூவின் மேல்பகுதிக்கு, கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து, 2.2 சதுர அடி தோல், ஆர்டர் 1,000 ஜோடி என்றால் 2,200 சதுர அடி. அதற்கு மேல் 5 சதவீதம் சேர்த்து 2,310 கேட்டிருந்தால் நியாயம். 2,600 என்று இருந்தால் யாரோ பழைய ஸ்டைலின் கணக்கைக் காப்பி அடித்திருக்கிறார்கள், அல்லது கட்டிங் பக்கம் பயந்துகொண்டு கூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டோர்சில் ஏற்கெனவே அதே கலரில் மிச்சம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் சொல்லும் இருப்பும் ராக்கில் இருக்கும் இருப்பும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள்.

கொட்டேஷனும் உண்மையான விலையும்

மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைந்த விலைக்காரருக்குக் கொடு என்பது எல்லோரும் சொல்லும் விதி. ஜிகினா, நூல், அட்டைப்பெட்டி, ஷூலேஸ் போன்றவற்றுக்கு அது சரி. தோலுக்குச் சரிப்படாது.

ஒருவர் சதுர அடி 92 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 86. முதலாமவர் தோலில் கட்டிங் வேஸ்ட் 12 சதவீதம். இரண்டாமவர் தோலில் உண்ணிக் கடித் தழும்பும் வயிற்றுப்பகுதித் தொய்வும் அதிகம், வேஸ்ட் 22 சதவீதம். அப்படியானால் முதல் தோலில் உபயோகப்படும் ஒரு சதுர அடிக்கு அடக்கம் 104 ரூபாய் 55 காசு. இரண்டாவதில் 110 ரூபாய் 26 காசு. 2,000 சதுர அடி சுத்தமான தோல் தேவையென்றால், "மலிவான" தோலில் சுமார் 11,400 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இதைத் தெரிந்துகொள்ள கால்குலேட்டர் போதாது, கட்டிங் டேபிளுக்குப் போக வேண்டும். டை (வெட்டும் அச்சு) வைத்து அடிக்கும் கட்டர் அண்ணனிடம், "போன தடவை இவங்க தோல் எப்படி இருந்ததுண்ணே?" என்று கேளுங்கள். எந்த ரிப்போர்ட்டும் சொல்லாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். பர்ச்சேசில் சேர்ந்த முதல் மாதத்தில் கட்டிங் செக்‌ஷனில் தினமும் அரை மணி நேரம் நிற்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

விலையை ஒப்பிடும்போது இன்னும் இரண்டு மூன்று விஷயங்களைப் பக்கத்தில் வையுங்கள். வண்டி வாடகை யாருடையது, ரொக்கமா கடனா, கடன் என்றால் எத்தனை நாள், விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா தனியா. சித்தூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான், கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா. ஆனால் அங்கிருந்து வரும் சரக்கு வேறு மாநிலச் சரக்கு, பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. வரும். தமிழ்நாட்டு சப்ளையர் பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரிந்து வரும். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, ஆந்திரா 37, கர்நாடகா 29. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருக்கும் சின்ன வியாபாரி ஜி.எஸ்.டி. தனியாக வசூலிக்கக் கூடாது; அவரிடம் வாங்கினால் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. அவர் விலை 3 சதவீதம் குறைவாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்ட பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

புது சப்ளையர் என்றால் ஜி.எஸ்.டி. எண்ணை அரசு தளத்தில் தட்டி, உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவுச் சான்றும் வாங்கி வையுங்கள். அது ஏன் என்பது பேமென்ட் பகுதியில் வரும். தோல் பதனிடும் யூனிட் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் நடப்பில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பாலாற்று மாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து இந்த ஊரில் அது வெறும் காகித விஷயம் இல்லை. ஒப்புதல் இல்லாத யூனிட்டை மூடினால் உங்கள் தோலும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பி.ஓ. எழுதுவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். "பிளாக் காஃப் லெதர், 2,310 சதுர அடி, ரேட் 92" என்று ஒரு வரியில் எழுதி அனுப்பும் பி.ஓ.க்கள் ஏராளம். அதில் என்னென்ன விட்டுப்போகிறது என்று பாருங்கள்.

கனம் எழுதவில்லை. 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் என்று எழுதினால்தான் கேஜ் வைத்து அளந்து, 1.0 வந்ததை ஒதுக்க முடியும். கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு? பையர் ஒப்புதல் கொடுத்த துண்டை இரண்டாக வெட்டி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, தேதியோடு சீல் செய்து, ஒன்றை நீங்களும் ஒன்றை சப்ளையரும் வைத்துக்கொள்ளுங்கள். பி.ஓ.வில் "சீல் செய்த சாம்பிள்படி" என்று எழுதுங்கள். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் சாம்பிளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. சட்டம் உங்கள் பக்கம் நிற்க, கையில் அந்தத் துண்டு இருக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் எழுதுங்கள். தோல் விற்பது சதுர அடியில். ஒவ்வொரு தோலும் ஒரு வடிவம் என்பதால் மெஷரிங் மெஷினில் விட்டு, பின்பக்கம் அளவை அச்சிடுவார்கள். அவர்கள் மெஷினுக்கும் உங்கள் மெஷினுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். எத்தனை சதவீதம் வரை ஏற்போம், அதற்கு மேல் போனால் யார் மெஷின் கணக்கு என்று முன்பே எழுதிவிட்டால், பிறகு பத்து போன் கால் மிச்சம்.

ஐரோப்பாவுக்குப் போகும் ஷூ என்றால் சோதனை அறிக்கையையும் பி.ஓ.வில் கேளுங்கள். உடலில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து இந்த விதி இருக்கிறது. அறிக்கை எந்த லாட்டுக்கு என்று லாட் எண் இருக்க வேண்டும். போன வருஷத்து அறிக்கையில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஃபைல் செய்யாதீர்கள்.

தேதி எழுதும்போது ஊரையும் நினைவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துக்கு டெலிவரி கேட்காதீர்கள். ரம்ஜான் மாதத்தில் வேலை நேரம் மாறும். பக்ரீத் முடிந்த கையோடு மண்டிகளில் பச்சைத் தோல் வரத்து கூடும். ஆட்டுத்தோல் லைனிங் வாங்குபவர் அதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காய்வது தாமதமாகும். இதெல்லாம் தெரிந்தே 25-ஆம் தேதி என்று போட்டுவிட்டு, 20-ஆம் தேதியே போனை எடுங்கள்.

"பாய், நம்ம பிளாக் எந்த ஸ்டேஜ்ல இருக்கு?"

"முடிஞ்சிடுச்சு தம்பி, நாளைக்கு வண்டி ஏத்திடுவேன்."

"ஸ்ப்ரே ஆயிடுச்சா?"

"ஸ்ப்ரே பாதி ஆயிருக்கு..."

"அப்போ பிளேட்டிங், மெஷரிங் ரெண்டும் பாக்கி. நான் சாயந்திரம் வந்து ஒரு தடவை பாத்துக்கிறேன் பாய்."

"முடிஞ்சிடுச்சு" என்பதற்கு இந்த வட்டாரத்தில் பல அர்த்தம் உண்டு. ஸ்டேஜ் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வரும். அதற்காக எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று தெரிந்திருக்க வேண்டும். வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்), கிரஸ்ட் (காய்ந்த, மேல்பூச்சு இல்லாத தோல்), ஃபினிஷ் (பூச்சு முடிந்த தோல்) என்று மூன்று பெரிய நிலைகளையாவது கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரக்கு கேட்டுக்கு வரும்போது

வண்டியோடு என்ன காகிதம் வர வேண்டும்? பில், அல்லது ஜாப் ஒர்க் (வெளி ஆளிடம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலை) சரக்கு என்றால் டெலிவரி சலான். வெளி மாநிலத்திலிருந்து வரும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் அந்த வரம்பு 1 லட்சம். ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் இ-வே பில் செல்லும். டிரைவர் வழியில் படுத்துத் தூங்கினால் காலாவதியாகும்.

கேட் என்ட்ரி போட்டதும் ஸ்டோர்சில் எண்ணி, குவாலிட்டி ஆள் பார்த்த பிறகுதான் ஜி.ஆர்.என். (சரக்கை வாங்கிக்கொண்டதற்கான ரசீது) போட வேண்டும். இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: லைன் நிற்கிறது என்று பரிசோதனைக்கு முன்பே தோலை கட்டிங்குக்கு அனுப்பிவிடுவது. வெட்டிய தோலை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். அவசரம் என்றால் ஒரு கட்டு மட்டும் பிரித்து, பார்த்து, கொடுங்கள்.

குறை இருந்தால் அன்றே போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். சப்ளையர் சிறு, குறு நிறுவனமாக இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாதவரை, சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ளப்படும். போனில் திட்டியது எந்தக் கணக்கிலும் வராது. திருப்பி அனுப்புவதா, விலை குறைப்பதா என்று பேசி முடிவானதும் டெபிட் நோட் (சப்ளையருக்குத் தர வேண்டிய தொகையில் கழிக்கும் சீட்டு) போடச் சொல்லுங்கள். நேரில் பழகிய ஆள் என்பதற்காக, "அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்" என்று வாயளவில் விடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லதல்ல. அடுத்த பில் வரும்போது இருவருக்கும் வேறு வேறு தொகை ஞாபகத்தில் இருக்கும்.

ஜாப் ஒர்க்கைப் பற்றி ஒரு வரி: நீங்கள் அனுப்பும் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும்.

பேமென்ட்

பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ரேட், அளவு, வரி ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பில்லை அக்கவுன்ட்ஸுக்கு அனுப்ப வேண்டும். பி.ஓ.வில் 92, பில்லில் 94 என்றால் இரண்டு ரூபாய்தானே என்று விடாதீர்கள். 2,310 சதுர அடிக்கு அது 4,620 ரூபாய், வரி தனி.

"பார்ட்டிக்கு 90 நாள்" என்று காலங்காலமாக ஓட்டிய கம்பெனிகள் இப்போது பேச்சை மாற்றிக்கொள்ள ஒரு காரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக ஏறும். போதாக்குறைக்கு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி வந்துவிட்டது: கெடுவைத் தாண்டிய பாக்கி, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழியும். மார்ச் மாதம் அக்கவுன்ட்ஸ்காரர் உங்களிடம் உத்யம் சான்று கேட்டுப் பறப்பது இதனால்தான். முதல் பி.ஓ. போடும் முன்பே வாங்கி ஃபைலில் வைத்திருந்தால் உங்கள் மதிப்பு உயரும்.

வரி விஷயத்தில் இன்னும் கொஞ்சம். சப்ளையர் தன் ரிட்டர்னில் பில்லை ஏற்றி, அது ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் 2பி அறிக்கையில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்க முடியும். ஏற்றாத சப்ளையரை விரட்டும் வேலை கடைசியில் பர்ச்சேஸ் தலையில்தான் விழும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லையென்றால் எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. கம்பெனியின் போன வருட விற்பனை 10 கோடியைத் தாண்டியிருந்து, ஒரே சப்ளையரிடம் இந்த வருடம் 50 லட்சத்துக்கு மேல் வாங்கினால், அந்த 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்க வேண்டும். இவற்றை நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை, ஆனால் சப்ளையர் போன் செய்து "ஏன் தம்பி குறைச்சிட்டீங்க?" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். டேபிளில் வைத்துப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். கவர் வந்தால் திருப்பிவிடுங்கள். தயவு தாட்சண்யம் பார்த்து ஒருமுறை வாங்கிவிட்டால், அந்தச் சப்ளையரின் தோலில் கட்டர் அண்ணன் குறை சொல்லும்போது உங்கள் வாய் திறக்காது.

கடைசியாக, பி.ஓ.வை மூடுவது

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2,310 கேட்டதற்கு 2,170 சதுர அடி வந்து ஆர்டரும் முடிந்துவிட்டது. பாக்கி 140 சதுர அடி பி.ஓ.வில் திறந்தே கிடக்கும். நாலு மாதம் கழித்து, அந்த ஸ்டைலே நின்றுபோன பிறகு, "பாக்கி சரக்கு" என்று ஒரு கட்டு வந்து இறங்கும். பி.ஓ. உயிரோடு இருப்பதால் ஸ்டோர்சும் ஜி.ஆர்.என். போட்டுவிடும். எனவே ஆர்டர் முடிந்ததும் சப்ளையருக்கு ஒரு மெயில்: பி.ஓ. எண், தேதி, வந்த அளவு, "மீதி 140 சதுர அடி வேண்டாம், இந்த பி.ஓ. ஷார்ட் குளோஸ் செய்யப்படுகிறது" என்று மூன்று வரி. சிஸ்டத்திலும் மூடிவிடுங்கள். சப்ளையர் அந்த 140-ஐ ஏற்கெனவே ஃபினிஷ் செய்து வைத்திருந்தால் சண்டைக்கு வருவார், அதுவும் நியாயம்தான். அதனால் இந்த மெயிலைக் கடைசி லாட் வரும்வரை தள்ளிப்போடாமல், கட்டிங்கில் தோல் போதும் என்று தெரிந்த அன்றே அனுப்புங்கள்.